நீலமேகம் கடலில் இறங்கிய கதை

தண்டையார்பேட்டையில் நீலமேகத்தைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வார்கள். துறைமுகக் கிடங்கில் கிழிந்த கோணி தைப்பதுதான் அவர் வேலை. ஆனால் தெருவில் யாரோ ஒருநாள், "கப்பல்லயா வேலை?" என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு மறுக்க வாய்ப்பே வரவில்லை. ரங்கூன் போகும் வழியில் பார்த்த புயலைக்கூட இரண்டு முறை வர்ணித்துவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் தெருக் கிணறு வற்றிப்போனது. பிள்ளையார் சதுர்த்தி கழிந்து மூன்றாம் நாள், பூஜை செய்த களிமண் பிள்ளையார்களைப் போடத் தண்ணீர் இல்லை.

"கடல்ல விட்டாப் போச்சு. நம்ம கப்பல்கார அண்ணன் கீறாரே!" என்றான் எதிர்வீட்டுத் தண்டபாணி.

ஒன்பது பிள்ளையார்கள் ஒரு கூடையில் சேர்ந்தன. மனைவி சொக்கம்மாள் அவர் காதருகில் கேட்டாள்: "இன்னாய்யா, உனுக்கு நீச்சல் தெரியுமா?"

"கணுக்கால் தண்ணியில வச்சுட்டு வந்துடறேன், சும்மா இரு."

ஆனால் தெருவே பின்னால் வந்தது. ராயபுரம் கரையில் அவர் கணுக்காலளவு தண்ணீரில் நின்றதும், "இன்னும் உள்ளே போ, கப்பல்கார அண்ணே!" என்று கத்தினார்கள். முழங்கால் வரை போனார். "இன்னும்!" என்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஓர் அலை வந்து கூடையைத் தூக்கியது. அடுத்த அலை நீலமேகத்தைத் தூக்கியது. பிள்ளையார்கள் ஒழுங்காக மூழ்கினார்கள். நீலமேகத்துக்குத்தான் மூழ்கவும் தெரியவில்லை, மிதக்கவும் தெரியவில்லை.

கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த கெங்கம்மா ஓடிவந்து, அவர் குடுமியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து மணலில் போட்டாள்.

"எந்தக் கப்பல்ல நைனா வேலை?" என்றாள், மூச்சு வாங்க.

நீலமேகம் உப்புத் தண்ணீரைத் துப்பினார். தெரு முழுக்கச் சுற்றி நின்றது. பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதோடு சேர்ந்து இருமலும் வந்தது.

"கப்பல்ல இல்லம்மா. கோணி தைக்கிறேன்."

முதலில் சிரித்தவள் சொக்கம்மாள். அவளைப் பார்த்து அவரும் சிரித்தார்; பல வருஷ பாரம் இறங்கினாற்போல் விலா வலிக்கச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சதுர்த்திக்கும் முதல் ஈட்டுக் கொழுக்கட்டை கெங்கம்மா வீட்டுக்குப் போனது. பிள்ளையார்களை அவளே கடலில் விட்டாள். நீலமேகம் காய்ந்த மணலில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். வருஷத்துக்கு வருஷம் அலை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருமுறை, "முழங்கால் தண்ணிதான், அதுக்கே செத்துட்டேன்னு நெனச்சிக்கினேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, கெங்கம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவ்ளோ கம்மி இல்ல நைனா. இடுப்பு வரிக்கும் இருந்துச்சு. இழுத்தது நானு, எனுக்குத் தெரியாதா?"