வானம் தெரியும் கூரை

பேர்லினில் வசந்தி அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் முற்றத்தில் ஒரு குடில் நிற்கிறது. கீழ்வீட்டு மிரியம் தன் யூதப் பண்டிகைக்காகக் கட்டியது. சுவர்கள் பலகை, கூரை வெறும் இலைக்கிளைகள். எகிப்தைவிட்டு வந்த முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் தங்கிய நினைவாக, பண்டிகை முடியும்வரை சாப்பாடு இதற்குள்தானாம். ஆஹென் நகரிலிருந்து வந்த என்னையும் மகளையும் விருந்துக்கு அழைத்திருக்கிறாள்.

குடிலுக்குள் என் மடியில் மகள் தூங்குகிறாள். நேற்றுத்தான் காய்ச்சல் விட்டது. இவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ? அந்தி நீலத்தில் காகிதச் சங்கிலிகள் மெல்ல அசைகின்றன. கிளைகளின் இடுக்கில் ஒரு நட்சத்திரம். அதே இடுக்கு வழியாக ஒரு துளி அவள் கன்னத்தில் விழுகிறது. எழுந்து என் துப்பட்டாவைக் கூரைக்கு அடியில் கட்டுகிறேன்.

மிரியம் ஜெர்மனில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

"அவிழுங்கோ பிள்ளை," என்கிறார் வசந்தி அக்கா. "கூரைக்குள்ளால வானம் தெரியவேணுமாம். துணியால மறைச்சால் குடில் செல்லாதாம்."

"ஐயோ, கெடுத்துட்டேனா அக்கா?"

அவிழ்க்கிறேன். மழை வலுக்கிறது. எழுந்து போனால் மரியாதைக் குறைவாகுமோ என்று மகள்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மிரியம் சூப்புப் பானையைத் தூக்குகிறாள்.

"எழும்புங்கோ!" என்கிறார் அக்கா. "சூப்புக்குள்ள மழை விழுந்தால் உள்ள போகலாமாம். அதுவும் சட்டம்தானாம். நனைஞ்சுகொண்டு இருக்கிறவை விசரராம், பைத்தியங்களாம்."

படிக்கட்டில் ஒதுங்கி நிற்கிறோம். நனைந்த துப்பட்டாவைக் கைப்பிடியில் காயப்போடுகிறேன். மழை விடுகிறது. மிரியம் பானையோடு குடிலுக்குத் திரும்புகிறாள். மகள் விழித்துக்கொண்டு அந்தப் பக்கம் கை நீட்டுகிறாள்.

அவள் குல்லாவைக் காதுவரை இழுத்துவிடுகிறேன். துப்பட்டாவைப் படிக்கட்டுக் கைப்பிடியிலேயே விட்டுவிட்டு மிரியத்தின் பின்னால் போகிறேன்.