அக்கா ஜெபத்தில் சொல்லாத வார்த்தை

ஓராண்டுக்கு முன் ஆண்டவரண்டை சேர்ந்த என் அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி எல்லோரும் என்னைத்தான் கேட்டீர்கள். "நல்லதா நாலு வரி எழுதினா மதி, அதுவே போதும்" என்றும் சொன்னீர்கள். நல்லதையும் எழுதுகிறேன். நாலு வரியோடு நிறுத்த மட்டும் என்னால் ஆகாது.

அக்கா பிறந்தது பாறசாலையில். அப்பாவுக்குப் பழவங்காடிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை கிடைத்ததும் கரமனையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் பள்ளிக்கூடம் சேருமுன்பே அம்மா போய்விட்டார்; சில ஆண்டுகளில் அப்பாவும். அக்கா நர்ஸ் படிப்பை முடித்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறு கட்டித் தந்துவிட்டு டியூட்டிக்கு ஓடுவார். தமக்கு வந்த வரன்களை எல்லாம் "தங்கச்சியைக் கரையேத்திட்டுப் பார்ப்போம்" என்று தட்டிக் கழித்தார். பிறகு பார்க்கவே இல்லை. என்னைப் பெறாத தாய் அவர். இதில் ஓர் எழுத்தும் மிகையில்லை.

அவரிடம் சொன்னது வெளியே போகாது. சபையில் யார் வீட்டில் சண்டை, யார் மகன் குடிக்கிறான், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் எனக்குத் தெரியாது. பெண்கள் அதை மெச்சிப் பேசும்போது எனக்கும் பெருமையாக இருக்கும்.

எனக்குத் திருமணம் நிச்சயமானதும், நம் வழக்கப்படி மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்தார்கள். இவ்விருவரும் இணையத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்டார். மூன்று முறையும் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கடைசி முறை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிரியப் போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

பிள்ளை உண்டாகவில்லை. மாமியார் முதலில் சாடையாகப் பேசினார், பிறகு நேராகவே பேசினார். டாக்டரிடம் போவோம் என்றால் என் வீட்டுக்காரர், "கர்த்தர் தரும்போது தரட்டும்" என்பார். நான் உபவாசம் இருந்து வாடினேன். வியாழக்கிழமைகளில் கூடும் பெண்கள் ஐக்கியத்தில் என் வயிறும் ஒரு ஜெபக் குறிப்பாயிற்று. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவர் மகனுக்கு வளைகுடா விசா, எனக்குப் பிள்ளை. "இவள் கர்ப்பத்தைத் திறந்தருளும்" என்று ஒவ்வொருவரும் கண்ணீரோடு மன்றாடுவார்கள். தலைவி என்பதால் கடைசியில் அக்கா ஜெபிப்பார். "என் தங்கச்சியின் பாரத்தை இறக்கும், ஆண்டவரே." அவ்வளவுதான். பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயில் வராது.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருநாள் கேட்டே விட்டேன். "ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் எனக்குப் பிள்ளை குடும்னு அழுறாங்க. நீ அந்த ஒத்தை வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போகும்?"

"ஆண்டவருக்குத் தெரியும் மக்களே" என்றார் அக்கா, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே. என்னை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்.

என் வீட்டுக்காரர் மாரடைப்பில் காலமாகிச் சில ஆண்டுகளில் அக்கா புற்றுநோயில் படுத்தார். நான்தான் கூட இருந்தேன். ஒரு பிற்பகல் கஞ்சி ஊட்டும்போது என் கையைத் தடுத்தார்.

"உன் மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காதுன்னு எனக்கு நிச்சயத்துக்கு முன்னாலயே தெரியும். வேற ஏதோ சுகக்கேட்டுக்கு வந்தப்போ எங்க ஆஸ்பத்திரியிலதான் டெஸ்ட் எடுத்தாங்க. 'நானே அவகிட்ட சொல்லிருதேன், நீங்க சொல்லிராதீங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டாரு. நோயாளி விஷயம், கேட்டியா. வாக்குக் குடுத்துட்டேன். அவரு சொல்லல்ல."

"காரணமே சொல்லாம, இந்த வரன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம். நல்ல இடம் கைவிட்டுப் போயிருமேன்னு பயந்தேன்."

"மலடின்னு நான் பேச்சு வாங்கினப்போ?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த வியாழக்கிழமைகள் எனக்குப் புரிந்தன. நடக்காதென்று தெரிந்த ஒன்றைக் கேட்டு ஆண்டவருக்கு முன் நடிக்க அவரால் முடியவில்லை. என் முன்னால் மட்டும் எப்படி முடிந்தது? எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அது ஆறவில்லை.

"மன்னிச்சிரு மக்களே."

"மன்னிச்சேன்னு இப்ப சொன்னா அது பொய்யாப் போகும்க்கா."

"அப்போ சொல்லாத" என்றார். "நமக்குள்ள இனி பொய் வேண்டாம். அது மதி."

மீதிக் கஞ்சியை ஊட்டினேன். குடித்தார். அடுத்த வாரம் என் மடியில்தான் உயிர் பிரிந்தது. குளிப்பாட்டி, அவருக்குப் பிடித்த வெள்ளைச் சேலையை நானே உடுத்திவிட்டேன்.

இதையெல்லாம் மலரில் போடலாமா என்று உறவினர் சிலர் தயங்கினார்கள். மூடி வைத்ததில் நான் பட்டது போதும். அக்காவும் பட்டார், அதையும் நான் மறுக்கவில்லை.

சிகிச்சை அளித்த டாக்டர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்த நர்ஸ் சகோதரிகளுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், பெட்டிக்குத் தோள்கொடுத்துச் சுமந்த அக்கம்பக்கத்தாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, இத்தனை ஆண்டுகளும் எனக்காக அழுதீர்கள். அந்தக் கண்ணீரை நான் மறக்கமாட்டேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் அறியாத ஏதாவது என்னைப் பற்றி உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் வீட்டுக்கு வாருங்கள். முதலில் அதைச் சொல்லுங்கள். ஜெபம் பிறகு செய்யலாம்.

— தங்கை