பரமேஸ் அண்ணனின் டொட் கொம்

போன செவ்வாய்க்கிழமை என் கடைக்கு ஒரு நல்ல செய்தி வந்தது, பிள்ளைகளே. யாரும் சந்தோஷப்படவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் நான் சின்னதாக ஓர் இன்டர்நெட் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். தன்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் வரைந்த படங்களையெல்லாம் ஒரு வெப்சைட்டில் போட்டிருந்தார். அதற்குத் தன் மகளின் பெயரையே வைத்தார்.

தாயைப் பார்க்க வன்னிக்குப் போனார். சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். பிறகு… ஒரு தகவலும் இல்லை.

வெப்சைட் பெயர் வாடகை வீடு மாதிரி. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அண்ணன் வைத்த பெயர் காலாவதியாகிவிட்டது. அப்படியே விட்டால் யாரோ ஒரு சூதாட்டக்காரன் எடுத்துக்கொள்வான் — பிள்ளையின் பெயரில் சூதாட்டமா?

அண்ணனின் மனைவி சாந்தி அக்கா ஓடி வந்தார்.

"தம்பி, எப்பிடியாவது அதைப் பிடிச்சுத் தாங்கோ."

"பிடிச்சிருவோம் அக்கா. ஆனா உடனே குடுக்க மாட்டாங்க. கொஞ்ச நாளைக்குப் பழைய சொந்தக்காரர் மட்டுந்தான் அவரோட பாஸ்வேர்ட் போட்டுப் புதுப்பிக்கலாம். அண்ணன் எங்கிருந்தாவது புதுப்பிச்சிட்டா நமக்குக் கிடைக்காது."

அக்காவின் முகம் மாறியது.

"அப்ப… கிடைக்காட்டி, அவர் இருக்கிறார் எண்டுதானே?"

எனக்கு இது தோன்றவே இல்லை!

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தினமும் வருவார். பாலத்தடி இராணுவச் செக்கிங்கில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு வருவார்.

"கிடைச்சிட்டுதோ?"

"இன்னும் இல்ல அக்கா."

"நல்லது." கம்ப்யூட்டர் மெல்லத் திறந்தால், "உங்கட மிஷினுக்கு நித்திரையோ?" என்று கேலி வேறு.

ஓர்டர் கொடுத்த பொருள் வரவே கூடாது என்று காத்திருந்த கஸ்டமரும் கடைக்காரனும் உலகத்தில் நாங்கள் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை திரையில் விழுந்தது: வாழ்த்துகள், இந்தப் பெயர் இனி உங்களுடையது.

அக்கா உட்கார்ந்திருந்த கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டார். கூட வந்திருந்த மகள் யாழினிதான் கேட்டாள்.

"அப்பா ஏனம்மா புதுப்பிக்கேல்லை?"

அக்கா மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அங்க கரண்ட் இல்லைத்தானே, பிள்ளை."

அட, ஆமாம்! கரண்ட் இல்லை, போன் இல்லை… இன்டர்நெட்டுக்கு எங்கே போவார்? இதை எப்படி மறந்தோம்? மடவளை பஸ் முதலில் வந்தால் பாஸ் என்று பரீட்சைக் காலத்தில் நீங்கள் நினைத்துக்கொள்வதில்லையா? வேறு பஸ் வந்துவிட்டால், "பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

"அக்கா, இது ஒரு வருஷத்துக்குத்தான். வேணும்னா கூட்டிப் போடலாம்."

"ஆகக் கூட எத்தினை வருஷம் விடுவினம்?"

"பத்து."

"பத்தும் போடுங்கோ." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அதுக்குள்ள வந்திடுவார்தானே, தம்பி?"

"வந்துருவாரு அக்கா" என்றேன் — கீபோர்டைப் பார்த்தபடி.