“சொல்” என்று எழுதிய வசந்தி டீச்சர்

என் மூத்த பேரன் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தவன். அவன் தம்பி கல்வி வலயப் போட்டியில் நீளம் பாய்ந்து கேடயம் வாங்கினான். மகன் வீட்டுப் பேத்தி பதுளையில் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். பெரகலச் சந்திக் கடையில் பாண் ரொட்டி வாங்க நின்றபடி, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிப் பேத்தி ரோஷினியின் முறை வந்தபோது கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. நம்ம வசந்தி டீச்சர் போயிட்டாங்களாம். பதுளை ஆஸ்பத்திரியில.”

பாணை வாங்காமலே தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறிவிட்டேன்.

டீச்சரை அறிந்த உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்து பேஸ்புக் பக்கத்தில் போட்டிருப்பது நோயில் இளைத்த பிறகு எடுத்த படம். வேறு படம் போடுங்கள். பரிசளிப்பு அன்று நீலச் சேலையில் அவர் சிரித்துக்கொண்டு நின்ற படம் யாரிடமாவது இருக்கும். நாற்பத்திரண்டு வயதுதான். எனக்கு மகள் வயது.

நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக்கூடை தூக்கியவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். மகள் கொழும்பில் வேலை செய்வதால் ரோஷினியும் அவள் அண்ணன்மார் இருவரும் என்னோடு வளர்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் வாசிப்பை ஐந்து படியாக எழுதுவார்கள்: எழுத்து, சொல், வசனம், பந்தி, கதை. இரண்டாம் தர வகுப்பில் வேறொரு ஆசிரியர் ரோஷினிக்குக் “கதை” என்று எழுதினார். மூன்றாம் தரத்தில் வசந்தி டீச்சர் “சொல்” என்று எழுதினார். அறிக்கையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

“என்ன டீச்சர் இது? போன வருஷம் கதை, இந்த வருஷம் சொல்லா? எம்பேத்தி வளர்றாளா, தேயறாளா?”

“உக்காருங்கம்மா. நீங்களே கேளுங்க.”

பாடப்புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். பிள்ளை தண்ணீராக ஓட்டினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீச்சர் மெதுவாக உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் வைத்து மூடினார். ரோஷினி நிறுத்தவில்லை. மூடிய பக்கத்தை முற்றுப்புள்ளி வரை வாசித்து முடித்தாள். பிறகு டீச்சர் தானே எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தார். அப்புத்தளை ரயிலில் ஏறிவிட்ட ஓர் ஆட்டைப் பற்றி நாலு வரி. “ஆடு” வந்தது. “ரயில்” வந்தது. முழு வரியாக ஒன்றும் வரவில்லை.

“இவ கண்ணால படிக்கலம்மா. காதால படிக்கிறா. வீட்டுல யாரு சொல்லிக்குடுக்கிறது?”

நான்தான். மாலையானால் அண்ணன்மாரை வாசிக்கச் சொல்லி, அவளை அப்படியே திருப்பிச் சொல்லவைப்பேன். பிசகினால் ஒரு குட்டு. நாங்கள் படித்த முறை அது. வாய் ஓடினால் படிப்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். டீச்சர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கீழ்ப்படியில் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபிறகு ஒரு மணி நேரம் வகுப்பு வைத்தார். அதில் இவளையும் சேர்த்தார்.

சனிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் இருவர் தங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு வருவார்கள். இவர் பிள்ளைகள் வாசிப்பதை அவர்கள் கேட்பார்கள், அவர்கள் பிள்ளைகள் வாசிப்பதை இவர் கேட்பார். மூவருக்கும் ஒரே தாள், ஒரே அளவு. ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். “நம்ம பிள்ளை திக்கினா நம்ம காது மன்னிச்சிரும்மா. வேற காது மன்னிக்காது” என்றார்.

அப்படி நேராக எழுதியதால் வலயத்தில் எங்கள் பள்ளிக்கூடம் கடைசியில் நின்றது. பெற்றோர் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினோம். டீச்சர் ஒன்றுதான் கேட்டார்: “காய்ச்சல் இல்லேன்னு எழுதிட்டா ஒடம்பு ஆறிருமா?”

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க தெர்மாமீட்டர்தான் சூடா இருக்கு!”

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். “அதனாலதான் அண்ணே மூணு தெர்மாமீட்டர் வச்சுப் பாக்குறோம்.”

ரோஷினி “வசனம்” வரை ஏறினாள். அந்தப் படி பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குள் டீச்சர் நோயில் படுத்துவிட்டார். சனிக்கிழமை ஆசிரியர்களில் ஒருவருக்கு இடமாற்றம் வந்தது, மற்றவர் வருவதை விட்டுவிட்டார். டீச்சருக்குப் பதிலாக வந்த இளம் ஆசிரியர் தவணை அறிக்கையில் வகுப்பு முழுவதற்கும் “கதை” என்று எழுதினார். ஊரே சந்தோஷப்பட்டது. கீழ்ப்படியில் யாரும் இல்லாததால் பின்னேர வகுப்பு நின்றது. நான் மறுபடியும் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“சார், எம்பேத்திய கீழ எறக்குங்க. அவ இன்னும் வசனந்தான்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏத்தச் சொல்லித்தாம்மா வருவாங்க. அறிக்கை வலயத்துக்குப் போயிருச்சு. மத்த எடத்துலயும் இப்படித்தான் போடுறாங்க. நான் மட்டும் தனியா என்ன செய்ய?”

கெட்ட பிள்ளை இல்லை. சொல்லும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது. அறிக்கையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றுவரை உறுத்துகிறது. கண்ணை மூடிக் கேட்டவர் பேனா கேட்டார். “ஆட்டுத் தாள் அவளுக்கு மனப்பாடமாகியிருக்கும். புதுசு எழுதணும்.” ஒரு வரி எழுதுமுன் பேனா நழுவிக் கீழே விழுந்தது.

“முடியலம்மா. கடையில சுத்திக் குடுக்கிற பேப்பரக் குடுங்க. எதுவானாலும் அவ பாக்காததா இருக்கணும். தடுக்கினா சொல்லிக்குடுக்காதீங்க. வாய மூடிக்கிட்டு இருங்க. அதுதான் கஷ்டம்.”

அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூடிய வாய்தான். நேற்றுப் பருப்பு சுற்றிவந்த தாளை நீட்டினேன். ரோஷினி மூன்றாம் வரியில் நின்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்ததைப் பல்லைக் கடித்து அடக்கினேன். அவள் தாளை விட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லுங்க அம்மாயி.”

நான் சொல்லவில்லை. உதடு பிதுங்கியது அவளுக்கு. மறுபடி குனிந்தாள். அடுப்பில் உலை கொதித்து வழிந்தும் நான் எழும்பவில்லை. வெகுநேரம் கழித்து அந்தச் சொல் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. வரி முடியவில்லை. இது எந்தப் படி என்று எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல டீச்சர் இல்லை.