மடுத் திருவிழா நாளில் ஸ்டார்ட் ஆகாத கார்

கடந்த ஆவணியில், மடு மாதா கோவில் திருவிழா நாள் காலை எட்டு மணிக்கு என் அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. தேநீர்க் கோப்பை வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. என்னைக் கூப்பிட முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. பாரிசவாதம் என்று பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. இதில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது என்பதும் எனக்குத் தெரியும்.

நாங்கள் விடத்தல்தீவு. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் காரில் அரை மணி நேரம். அன்றைக்கு ஊரில் வாகனம் எதுவும் இல்லை. எல்லாம் மடுவுக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தன. அம்மா முதல் நாளே போய்விட்டார். அவருக்கு அழைப்பு எடுபடவில்லை. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள்.

நான் ஏன் மடுவுக்குப் போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்பாவுக்குத் தலைச்சுற்று என்பதைச் சாட்டி நின்றுவிட்டேன். உண்மையில் எனக்கு மனமில்லை. செபம் என்பது வேறு வழி இல்லாதவர்களுக்கு என்று நினைத்திருந்த காலம் அது.

எனக்கு வழி இருந்தது. கட்டாரில் வேலை செய்யும் அண்ணாவின் கார் முற்றத்தில் படங்கு போர்த்தி நின்றது. வவுனியாவில் இரண்டு வருடம் வாகனத் தொழில்நுட்பம் படித்தவள் நான். ஆனாலும் அண்ணா வரும்வரை ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஐந்து மாதமாக அது அசையவில்லை.

அப்பாவைக் கதிரையில் தலையணை வைத்துச் சாய்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பதறவில்லை. நீண்ட நாள் நின்ற வாகனத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் பற்றரி, பிறகு அதன் முனைகள், பிறகு எரிபொருள், கடைசியில் தீப்பொறி. கடற்காற்றில் முனைகள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தன. சுடுநீர் ஊற்றித் தேய்த்தேன். அப்பா மீன்பிடிக்கப் போகும் படகில் விளக்குக்கு வைத்திருக்கும் பற்றரியைத் தூக்கி வந்து வயர் தொடுத்தேன். இயந்திரம் நன்றாகச் சுற்றியது. ஆனால் பற்றவில்லை.

சத்தம் கேட்டு வேலிக்கு அப்பாலிருந்து நஸீமா அக்கா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய கணவரின் ஓட்டோவும் மடுவுக்குத்தான் போயிருந்தது.

"என்ன புள்ள, இப்பதான் திருவிழாவுக்கு வெளிக்கிடுறியா?" என்று சிரித்துக்கொண்டு வந்தவர், அப்பாவைக் கண்டதும் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

சாவியைப் பாதி திருப்பிக் காது கொடுத்தேன். பெற்றோல் பம்பின் முனகல் இல்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தேன். பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே, தீப்பெட்டி அளவான கறுப்புத் துண்டு, அந்த இடத்தில் இல்லை. யாரோ கழற்றியிருந்தார்கள். ஹோர்னின் ரிலேயைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். கால்கள் பொருந்தவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் கண்ணீர் விட்டார், வாய் திறபடவில்லை. மேசை லாச்சி, அலுமாரி, வலை அறை எல்லாவற்றையும் கிளறினேன். நாற்பது நிமிடம் போய்விட்டது.

வெறுங்கையோடு வந்து நின்றேன். நஸீமா அக்கா கோபமாகவே சொன்னார்: "படிச்சதெல்லாம் பாத்தாச்சுதானே. இனிப் படைச்சவனக் கேளன் புள்ள."

உள்ளே போனேன். சாமித்தட்டுக்கு முன்னால் முழந்தாளிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எனக்கே தெரியாது. "ஆண்டவரே, எனக்கு ஏலாது. அப்பாவைத் தாரும்" என்றேன். அவ்வளவுதான்.

தலையை நிமிர்த்தினேன். என் கண்ணுக்கு நேரே அந்தோனியார் சுரூபத்தின் காலடி. முன்னாலிருந்த காகிதப்பூக்களுக்கு இடையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. ரிலே.

சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் கடலுக்குப் போகாமல் படகைக் கரையேற்றினால் எங்கள் ஊரில் இயந்திரத்திலிருந்து ஒரு சின்னப் பாகத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். களவுக்குப் பயம். அப்பா அதை அந்தோனியாரிடம் ஒப்படைத்து, "நீர்தான் பாத்துக்கொள்ளவேணும்" என்பார். இது நான் சின்ன வயதிலிருந்து கண்டது. காரையும் அவர் படகு போலவே கரையேற்றியிருப்பார் என்று என் படிப்புக்குத் தோன்றவேயில்லை. நின்று பார்த்தால் அந்தப் பூக்கள் மறைத்துவிடும். சாமித்தட்டு இருக்கும் அறையைக் கிளறும்போது இரண்டு தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன்.

இதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. முழந்தாளிட்டபோதுதான் எனக்கு அது தெரிந்தது என்பதை மட்டும் சொல்வேன்.

கார் முதல் திருப்பலிலேயே பிடித்தது. நஸீமா அக்கா பின்னால் அப்பாவைத் தாங்கிக்கொண்டு வந்தார். அவர் தன் வேதப்படியும் நான் என் வேதப்படியும் மன்னார் வரை செபித்துக்கொண்டே போனோம். நேரத்தோடு கொண்டு வந்துவிட்டீர்கள் என்று வைத்தியர் சொன்னார். இறைவனுக்கே நன்றி.

நான்காம் நாள் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. குழறலாகத்தான். முதற் கேள்வி, "கொண்ணன்ர காரை ஆர் எடுத்தது?" அம்மா அழுகையும் சிரிப்புமாக என்னைக் காட்டினார்.

இப்போது அந்தக் காரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஓட்டுகிறேன். அது அப்பாவின் புதிய கட்டளை. நான் என் ஒழுங்கை விடவில்லை. பற்றரியும் முனையும் இன்றும் பார்க்கிறேன். ஆனால் வேலை தொடங்குமுன் செபிக்கிறேன், கடைசியில் அல்ல. அப்பாவின் வலது கையில் இன்னும் முழுப் பலம் இல்லை. நான் தாமதித்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் மனம் வலிக்கும். ஆனாலும் போன ஞாயிறு பூசைக்குப் போக, சேட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் அந்தக் கையாலேயே பூட்டினார். கடைசிப் பொத்தானுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்பானவர்களே, உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். கையில் சாவி இருக்கும்போதே முழந்தாளிடுங்கள். அவர் கேட்கிறார்.