பச்சை மையில் பதினேழு பக்கம்

பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கொடுக்கு இறாலை முதுகைப் பிடித்துத் தூக்கி, மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, அது வாலைச் சுருட்டி அடிக்கிறதா என்று டாக்டர் வியோரிகா பார்க்கிறார். அடித்தால் தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார். அடிக்காவிட்டால் அதனிடம் ருமேனிய மொழியில் ஏதோ கேட்பார். என்ன கேட்கிறீர்கள் என்று ஒருமுறை விசாரித்தேன். "உடம்புக்கு என்னன்னு கேட்டேன். பேஷண்ட்டைப் பாத்தா கேக்க வேணாமா?" என்றார். பசுவுக்கும் பன்றிக்கும் வைத்தியம் படித்தவர். நாலு வருஷமாக எங்கள் கின்லாரன் துறைமுகத்தில் இறாலைக் கவனித்துக்கொள்கிறார். ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. கையெழுத்து மட்டும்தான்.

கையெழுத்துப் போட என் ஐஸ் ஆலை அலுவலகத்துக்கு வருவார். பாதி மேஜை என்னுடையது, பாதி அவருடையது. எல்லை எது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கையை முழங்கை வரை கழுவுவார். மேஜையை ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுப்பார். அதற்குள்தான் முத்திரை இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் குத்தி, அதன் அருகில் கையெழுத்திட்டு, தாளைத் திருப்புவார். அந்த நேரத்தில் துறைமுகம் தீப்பிடித்தாலும் பதில் வராது. "பேசினா வட்டம் கோணும்" என்பார்.

அவர் பிறந்தது டான்யூப் கரையிலுள்ள கலாட்ஸ் நகரில். அங்கே முத்திரைக்கு இருக்கும் மரியாதையை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். "எங்க ஊர்ல மாப்பிள்ளை இல்லாமக்கூடக் கல்யாணம் நடந்துடும். முத்திரை இல்லாம நடக்காது." அவருடைய அப்பா இறந்தபோது சான்றிதழில் வட்டம் பாதிதான் பதிந்திருந்ததாம். அந்த மனிதரை முழுசாகச் சாகவைக்க வியோரிகா மூன்று அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறார். "முத்திரையே இல்லாத நாடுன்னு சொன்னாங்க, மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்தேன். கசாப்புக் கூடத்துல ஏழு வருஷம் நிம்மதியா இருந்தேன். நீங்க ஓட்டுப் போட்டு அதை என் பின்னாடியே வரவழைச்சிட்டீங்க."

'நீங்க' என்று அவர் சொல்வது என்னை அல்ல, ஹெக்டரை. கின்லாரனில் உயிர் இறாலை வாங்கி பிரான்சுக்கு அனுப்பும் வியாபாரி அவன். என் பள்ளித் தோழன் என்பதால்தான் இந்த 'அவன்'. வாக்கெடுப்பு நடந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியே தீரவேண்டும் என்று படகுக்குப் படகு கொடி கட்டியவன். பின்னால் ஒருநாள் மதுக்கடையில் வியோரிகாவுக்கும் ஒரு பியர் வாங்கி வைத்து விளக்கம் சொன்னான்: "நம்ம கடல் நமக்குன்னுதான் கேட்டோம் டாக்டரம்மா. உங்களைச் சொல்லல. மத்தவங்களைச் சொன்னோம்."

"அந்த மத்தவங்க யாரு ஹெக்டர்? இந்த ஊர்ல வெளியாளு நான் ஒருத்திதானே?"

ஹெக்டர் பியரைக் குடித்தான்.

முன்பெல்லாம் அவன் ஒரு தாளில் எடையைக் கிறுக்கி ஓட்டுநர் கையில் திணிப்பான். சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிய லாரி மறுநாள் பிரான்சின் பூலோன் சந்தையில் நிற்கும். விலகிய பிறகு ஒரு நடைக்குப் பதினேழு பக்கச் சுகாதாரச் சான்றிதழ், இரண்டு மொழியில். ஒரு மூலையில் ஒரு சுருக்கொப்பம் விட்டுப்போனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைப்பார்கள். இறாலுக்கு அதெல்லாம் புரியாது, செத்துப்போகும். முதல் குளிர்காலத்தில் ஒரு லாரி முழுக்க அப்படிக் குப்பைக்குப் போனது. சின்ன வியாபாரிகள் நாலைந்து பேர் ஒரே லாரியில் சரக்கு ஏற்றுவது பழைய வழக்கம். ஒருவன் தாளில் பிழை என்றால் எல்லார் சரக்கும் நிற்கும் என்றானதும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் போனார்கள். எங்கள் துறைமுகத்தில் ஆறு வியாபாரிகள் இருந்தது இரண்டாகிவிட்டது. கொடுக்கு இறால் பக்கத்தில் இருப்பதை வெட்டிப் போடுகிற ஜாதி. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழலில் செருக வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்த லாட்வியப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். உள்ளூர்ப் பையன்கள் இரண்டு நாள் கடிபட்டதும் நின்றுகொண்டார்கள். என் ஐஸ் பாதிகூட விற்பதில்லை. எனக்கு இதில் நிறையக் கோபம் உண்டு. ஆனால் யாரிடம் கோபித்துக்கொள்வது? ஹெக்டரிடம்தான் தினமும் கோபித்துக்கொள்கிறேனே. "மீன் புடிக்கிறவனைவிட மீனுக்குக் கையெழுத்துப் போடறவங்கதான்டா இப்ப ஜாஸ்தி" என்று அவனே ஒத்துக்கொள்கிறான்.

வியோரிகாவிடம் லஞ்சம் செல்லாது, அன்பளிப்பும் செல்லாது. புதிதில் ஹெக்டர் ஒரு பை நிறைய இறால் கொடுத்தான். "பேஷண்ட்டை நான் சாப்பிடறதில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மதியத்துக்கு மக்காச்சோளக் களியும் ஆட்டுப்பால் சீஸும் டப்பாவில் கொண்டுவருவார். மேஜை எல்லையைத் தாண்டி எனக்கும் ஒரு கரண்டி வரும். முதல் மாதம் மரியாதைக்குத் தின்றேன். இப்போது அவர் விடுப்பில் போனால் பதினோரு மணிக்கே எனக்குப் பசிக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பூலோனின் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் இந்தக் காகிதத் தொல்லை தாங்காமல் அயர்லாந்து இறாலுக்கு மாறிவிட்டிருந்தார். அவர் இரண்டு வருஷம் கழித்து ஹெக்டரிடம் திரும்பி வந்திருந்தார். இருநூறு பெட்டி, திங்கள்கிழமை காலைச் சந்தைக்கு. ஒழுங்காக வந்தால் அடுத்த வருஷம் முழுக்க உன்னிடமே வாங்குகிறேன் என்றிருந்தார். வராவிட்டால் ஜனவரியில் இறால் கொட்டகையை மூடுவதாக ஹெக்டர் தன் எட்டு ஆட்களிடமும் சொல்லிவிட்டான். சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கே பொழுது மங்கிவிட்டது. வெளியே ஓட்டுநர் கிரெய்க் லாரி எஞ்சினை ஓடவிட்டு நின்றிருந்தான். ஐந்துக்குள் கிளம்பினால்தான் தெற்கே போய்க் கப்பலைப் பிடிக்க முடியும். வியோரிகா கை கழுவி, மேஜை துடைத்து, காலுறையிலிருந்து முத்திரையை எடுத்தார். ஹெக்டர் பதினேழு தாளையும் கொண்டுவந்து பெருமையாக வைத்தான்.

அவர் பார்த்தார். முத்திரையை மறுபடி காலுறைக்குள் போட்டார்.

"இதை யாரு அச்செடுத்தது?"

"நான்தான். அக்கா முடி வெட்டிக்கப் போயிருக்கா."

அக்கா என்றால் மொராக். அலுவலக வேலையெல்லாம் அவர்தான். நாலு வருஷத்தில் முதல்முறையாக ஹெக்டர் அச்சு எந்திரத்தைத் தொட்டிருக்கிறான்.

"ஏன் நீலமா இருக்கு?"

"கறுப்பு மை தீந்துபோச்சு டாக்டரம்மா. நீலம் நெறைய இருந்துது. ஐரோப்பாக்காரங்க கொடியே நீலம்தானே, பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு..."

வியோரிகா கண்ணாடியைக் கழற்றினார். அச்சு எந்த நிறமோ அந்த நிறத்தில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கக் கூடாது, கறுப்பிலும் கூடாது. அதுதான் விதி. அதனால்தான் எப்போதும் கறுப்பு அச்சில் நீல முத்திரை. இப்போது நீலத்தின் மேல் நீலம். மறுபடி அச்செடுக்கவும் வழியில்லை. ஒரு சான்றிதழ் எண்ணுக்கு ஒரு அச்சுதான். புது எண் திங்கள்கிழமைதான் கிடைக்கும்.

"சும்மா குத்திவிடுங்க. யாரு பாக்கப்போறாங்க?"

"அவங்க பாப்பாங்க. பாக்கறதுக்குத்தான் சம்பளம்."

"சிவப்புல போடுங்க."

"சிவப்பு, நான் வேணாம்னு தள்ளின சரக்குக்கு. சிவப்புல போட்டா இருநூறு பெட்டியும் செத்துடுச்சுன்னு அர்த்தம்."

"எட்டுக் குடும்பம், டாக்டரம்மா!"

"தெரியும். என் கையெழுத்தைப் பொய்யாக்கினா நாளைக்கு எதுக்குமே என் கையெழுத்து செல்லாது. அப்ப எத்தனை குடும்பம்?"

அங்கேதான் ஹெக்டரின் வாய் அவன் கட்டுப்பாட்டை மீறியது. "இது எங்க ஊரு! எங்க இறாலு! அது போகலாமா வேணாமான்னு சொல்ல நீங்க யாரு? பிடிக்கலன்னா உங்க நாட்டுக்கே போயிடுங்களேன்!"

கதவில் புதுத் தலைமுடியோடு மொராக் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, ஐம்பத்தெட்டு வயதுத் தம்பியின் பிடரியில் ஒன்று வைத்தார். "வாயைக் கழுவுடா, நாயே" என்றார். எனக்கும் ஒன்று வைக்கத் தோன்றியது, அக்கா முந்திக்கொண்டார்.

வியோரிகா எதையும் கேட்காதவர்போல இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விதிப் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஒருமுறை படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"வேற நிறம்னுதான் போட்டிருக்கு. என்ன நிறம்னு போடல" என்றார். "பச்சை இருக்கா?"

துறைமுகத்தையே கவிழ்த்துப் போட்டோம். கின்லாரனில் இருக்கிற பேனாவெல்லாம் ஒன்று வங்கியில் எடுத்த கறுப்பு, இல்லாவிட்டால் குதிரைப் பந்தயக் கடையில் சுட்ட குட்டி நீலம். கடைசியில் மொராக் அக்கா தன் கைப்பைக்குள் பார்த்தார். சனிக்கிழமை ஆறு மணிக்கு மீனவர் கூடத்தில் பிங்கோ ஆட்டம், எண் கூப்பிடுவது அவர்தான். கூப்பிட்ட எண்ணைச் சீட்டில் குத்துகிற பஞ்சுமுனை மைக்குப்பி அந்தப் பையில் எப்போதும் கிடக்கும். எடுத்து மேஜையில் வைத்தார். இலைப் பச்சை.

வியோரிகா முத்திரையைக் கிருமிநாசினியால் தேய்த்து, நீலம் போகும்வரை கழுவினார். என் பாத்திரம் கழுவும் புதுப் பஞ்சைத் தட்டில் வைத்து அதன்மேல் பச்சையைக் குத்திக் குத்தி ஊறவைத்தார். முத்திரை தயார். கையெழுத்துக்குப் பேனா இல்லையே. மொராக் ஒரு பல்குத்தும் குச்சியை நீட்டினார். அந்தக் குச்சியைப் பச்சையில் தொட்டுத் தொட்டு, 'டாக்டர் வியோரிகா முன்டியானு' என்று பதினேழு முறை எழுதினார். எட்டாம் பக்கத்தில் குச்சி முறிந்தது. வேறு குச்சி. ஒரு வட்டம்கூடக் கோணவில்லை. ஹெக்டர் மூச்சுவிட்டால் தாள் ஆடும் என்று அக்கா அவனை வெளியே அனுப்பிவிட்டார். நாலு ஐம்பத்தைந்துக்கு லாரி கிளம்பியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒருவருக்கும் வேலையில்லை. ஆனாலும் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் என் அலுவலகத்தில் இருந்தோம். வியோரிகா களி கொண்டுவந்திருந்தார். யாரும் தொடவில்லை. இரண்டரை மணிக்கு மொராக்கின் போன் அடித்தது. அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டார்.

"விட்டுட்டாங்க!" என்று பிரான்ஸ் எல்லையிலிருந்து கத்தினான் கிரெய்க். "முதல்ல ஒருத்தன் பாத்தான். அவன் ரெண்டு பேரைக் கூப்பிட்டான். பூதக்கண்ணாடி வச்சாங்க, விதிப் புத்தகத்தைப் பிரிச்சாங்க, நாப்பது நிமிஷம் சண்டை போட்டாங்க. ஒருத்தன் மோந்துகூடப் பாத்தான்."

"மோந்து பாத்தானா?"

"ஆப்பிள் வாசனை அடிக்குதாம். ஆனா சட்டப்படி சரின்னு விட்டுட்டாங்க!"

"அது வாசனை மை. டஜனாத்தான் வாங்குவேன்" என்று மொராக் அக்கா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஹெக்டர் என்னைக் கட்டிக்கொண்டான், ஐஸ் எந்திரத்தைத் தட்டிக்கொடுத்தான். வியோரிகாவின் முன்னால் வந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"நேத்து நான் சொன்னது..."

"காதுல விழுந்துது."

"நெசமாவே போயிடுவீங்களா?"

"போக வேணாம், இங்கேயே இருக்கலாம்னு உங்க சர்க்கார் எனக்கு எழுதியிருக்கு." கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ஒரு மின்னஞ்சலின் அச்சு.

ஹெக்டர் திருப்பிப் பார்த்தான். "முத்திரை எங்க?"

"கிடையாது. ஒரு மணி நேரம் காத்திருந்து போன்ல கேட்டேன். இப்பல்லாம் காகிதமே இல்ல, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, கவலைப்படாதீங்கன்னாங்க." சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார், குரல் நடுவில் இறங்கிவிட்டது. "உங்க ஊரு இறாலுக்குப் பதினேழு முத்திரை. எனக்கு ஒண்ணுகூட இல்ல. ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துட்டா, நான் யாருன்னு எதைக் காட்டுவேன்?"

நாலு வருஷம் ஒரே மேஜையில் களி தின்றவன் நான். இதை ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"கையில முத்திரையை வச்சுக்கிட்டு... நீங்களே ஒண்ணு குத்திக்க வேண்டியதுதானே?" என்றான் ஹெக்டர்.

வியோரிகா அதிர்ந்துபோனார். "அது இறாலுக்கு!"

ஹெக்டர் அக்காவின் பைக்குள் கைவிட்டு மைக்குப்பியை எடுத்தான். தாளை என் மேஜையில் வைத்து நீவிவிட்டு, அடியில், கடைசி வரிக்குக் கீழே, பஞ்சுமுனையை அழுத்தினான். நல்ல வட்டம். அதன் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் தேதியையும் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதி, 'கின்லாரன் துறைமுகம்' என்றும் சேர்த்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

வியோரிகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"பக்கம் ஒண்ணு, மொத்தப் பக்கம் ஒண்ணுன்னு போடலையே."

ஹெக்டர் வாங்கிப் போட்டுக் கொடுத்தான். அவர் அதை மடிக்கவில்லை. அடுத்த பிங்கோ எண்ணைக் கூப்பிடும் குரலில் மொராக் அக்கா "எல்லாரும் சாப்பிடுங்க" என்றபோதுகூடத் திரும்பவில்லை. தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் நுழைத்து, கைப்பையில் பாஸ்போர்ட்டை ஒட்டி வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு மறுபடி திறந்து, மை கலையாமல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.