இரண்டாவது சாவி

அந்தப் பழைய காரை வாங்கிய அன்று எங்களுக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. திருமங்கலத்தில் ஒரு தெருவில், கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி ஓர் அம்மாவின் பெயரில் இருந்தது. அவருடைய தம்பிதான் காகிதங்களை உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவந்தார்.

"அத்தான் வெளியூர்ல இருக்காக. வண்டி சும்மா நிக்குதேன்னுதான் குடுக்கோம். கிலோமீட்டரப் பாருங்க, அதிகம் ஓடவே இல்ல. ஒரு சாவிதான் இருக்கு, இன்னொன்னு எங்கயோ தொலைஞ்சிருச்சு" என்றார்.

ஜன்னல் திரை ஒரு முறை அசைந்தது. எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவரைக்கூட உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். திரும்பி வரும்போது இதைக் கணவரிடம் சொன்னேன்.

"வண்டி வாங்க வந்தியா, தண்ணி குடிக்க வந்தியா?" என்றார்.

வண்டி வேண்டும் என்று நச்சரித்தவளே நான்தான். எங்கள் மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. பனிக்காலத்தில் ஆனையூரிலிருந்து அவளைப் பைக்கில் நடுவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, அவள் நெஞ்சு என் வயிற்றில் மோதி மோதி அடிக்கும். இனி அந்தக் குளிர்காற்றில் அவளைக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும்தான் என் எண்ணம். கோயில் வாசலில் பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தோம். நான்கு பழங்களும் சரியாக நசுங்கினவா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமே, விருதுநகர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். கணவர் ஓரங்கட்டுவதற்குள் இஞ்சின் அடங்கிவிட்டது. லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. ஏசி இல்லாமல் உள்ளே இருக்க முடியவில்லை. வெளியே இறக்கினால் புழுதி. மகள் இருமத் தொடங்கினாள். மருந்து ஸ்பிரேயை அவள் வாயில் பிடித்துக்கொண்டே, இதற்கு அந்தப் பைக்கே தேவலை போலிருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, கணவர் தள்ள, நானும் ஒரு கையால் தள்ளி, ஒரு வேப்பமரத்தடிக்கு வண்டியைக் கொண்டுபோனோம்.

தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஆயில் மூடியைத் திறந்து கணவரிடம் காட்டினார். மூடியின் உள்பக்கம் மோர் திரிந்தது போல வெள்ளையாக அப்பியிருந்தது. மதியம்வரை எதை எதையோ கழற்றிப் பார்த்த பிறகுதான் பேசினார்.

"அண்ணே, இது ஓடிக் கெட்ட வண்டி இல்ல. நின்ன எடத்துலயே கெட்டிருக்கு. யாரோ தெனமும் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் உறும விட்டு, அணைச்சிருக்காங்க. ரோட்டுல ஓடி நல்லாச் சூடானாத்தான உள்ள இருக்கிற ஈரம் போகும்? இது அம்புட்டும் உள்ளயே தங்கி, ஆயில் போற சல்லடைய அடைச்சிருச்சு. இஞ்சினப் பிரிக்கணும்."

"தெரிஞ்சே தலையில கட்டிட்டானுங்க" என்றார் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "திருமங்கலம் பக்கந்தான். போயி வண்டிய எடுத்துக்கங்கன்னு சொல்லிருவோம். நான் பேசுனா சண்டையாயிரும், நீ பேசு" என்றார்.

ஆட்டோவில் போகும்போது வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். 'குழந்தைக்கு உடம்பு சரியில்லாதது தெரிந்தும்' என்று தொடங்கலாமா? அது அவர்களுக்குத் தெரியாதே. 'நம்பித்தானே வாங்கினோம்' என்று தொடங்குவதாக முடிவு செய்தேன்.

தம்பி வீட்டில் இல்லை. அந்த அம்மாதான் கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அன்று திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருப்பார் போல, எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"உள்ள வாங்கம்மா. அன்னைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்புனது இன்னும் மனசுல கெடந்து அறுக்குது" என்றவர், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மகளுக்கு பிஸ்கட் எடுக்கப் போனார். அப்போதுதான் சுவரில் இருந்த ஓர் ஆணின் படத்தைப் பார்த்தேன். மாலையும், சிறிய சிவப்பு பல்பும். கணவர் என் முழங்கையைத் தொட்டார்.

நாங்கள் படத்தைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"செத்தவுக வண்டின்னா வாங்க மாட்டாகன்னு தம்பிதான் அப்படிச் சொல்லச் சொன்னான். நான் வெளிய வந்தா நெத்தியப் பாத்தே கண்டுபிடிச்சிருவீகன்னு உள்ளயே இருக்கச் சொல்லிட்டான். கோவிச்சுக்காதீக."

அவரே தொடர்ந்தார்.

"வண்டி எப்படிம்மா ஓடுது? நல்லா ஓடும். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது அவுக எங்கிட்டச் சொன்னது அது ஒண்ணுதான். வண்டிய நிப்பாட்டியே வைக்காத, பேட்டரி போயிரும், காலைல ஸ்டார்ட் பண்ணி விடுன்னு. எனக்கு ஓட்டத் தெரியாது. சாவியத் திருகத்தான் தெரியும். அவுக போனதுக்கு அப்புறமும் ஒரு நாள் விடல. அந்தச் சத்தம் கேட்டா அவுக வேலைக்குக் கெளம்புற மாதிரியே இருக்கும். அணைச்சுட்டு வந்து காப்பி போடுவேன்."

மகள் பிஸ்கட்டை மென்றுகொண்டு படத்தில் எரியும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடுதுக்கா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "பெறகு என்னம்மா விசயம்? இம்புட்டுத் தூரம் வெயில்ல பிள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கீக."

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

"இன்னொரு சாவி தொலைஞ்சிருச்சுன்னு உங்க தம்பி சொன்னாரு. ஒருவேளை கெடைச்சிருந்தா வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

அவர் எழுந்திருக்கவில்லை. சேலை முந்தியை மடித்து மடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் மூடும் சத்தம் கேட்டது.

சாவியில் பழைய தோல் வளையம் ஒன்று இருந்தது. விரல் படும் இடம் கறுத்து வழவழப்பாகியிருந்தது.

"அக்கா, வேணாம். நீங்களே வச்சுக்கங்க" என்று எழுந்துவிட்டேன்.

"அது எப்படிம்மா? வண்டி உங்களது. சாவிய மட்டும் நான் ஒளிச்சு வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? நீங்க வந்து கேக்குற மாதிரி வச்சுட்டேனேன்னு எனக்குத்தான் வெக்கமா இருக்கு" என்று மகளின் கையில் வைத்து அவள் விரல்களை மூடினார்.

நகையை அடகு வைத்து இஞ்சினைச் சரிசெய்தோம். வண்டி இப்போது குறையில்லாமல் ஓடுகிறது. மகளை அதில்தான் டாக்டரிடம் கொண்டுபோகிறோம். ஆனால் அந்தச் சாவி பீரோவில் என் சேலைகளுக்கு நடுவில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம்.

காரில் போனோம். அது எனக்கு உறைக்கவே இல்லை. வண்டி நன்றாக இருப்பதைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் வீட்டு முன்னால் நிறுத்தி, கணவர் இஞ்சினை அணைப்பதற்குள் உள்ளேயிருந்து வேகமாகக் காலடி கேட்டது. ஈரக்கையோடு கேட்டுக்கு ஓடிவந்தார். அந்த ஒரு கணம் அவர் முகம் எப்படி இருந்தது என்பதை என்னால் எழுத முடியாது. எங்களைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் நல்லாருக்கு" என்றார். இறங்கி வந்து சாவியை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

"வேணாம்மா. இத வச்சு நான் எதத் தொறக்கப் போறேன்?" பிறகு சொன்னார்: "இனிமே வந்தா, தெரு முனையிலயே நிப்பாட்டிட்டு நடந்து வாங்க தாயி."

தண்ணீர் கொடுத்தார். குடித்தோம். விடைபெற்று வெளியே வந்ததும் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. மகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, திறந்த கதவு வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளினார். நான் பின்னால் போய் இரண்டு கையையும் கொடுத்தேன்.

பெட்டிக்கடையில் நின்ற ஒருவர், "என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்றேன். அவரும் வந்து ஒரு கை கொடுத்தார். தெரு முனைவரை தள்ளிக்கொண்டு போனோம்.